கேழ்வரகு காய்ந்த பிளாட்பாரம்

மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வழியில் ஒரு ஸ்டேஷன் மட்டும் அனாதையாக நின்றது. எழுபதுகளில் நாங்கள் நாலைந்து பேர், அதைக் காப்பாற்றியே தீருவதென்று ஞாயிறுதோறும் சைக்கிளில் போனோம். முள் வெட்டிக் கையெல்லாம் கிழிந்தது. பிளாட்பாரத்தின் வெடிப்புகளைச் சுண்ணாம்புக் காரை பூசி அடைத்து, தரையைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறு போனால், தரை முழுக்கக் கேழ்வரகுக் கதிர். பக்கத்துக் காட்டுக்கார அம்மா அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். அள்ளச் சொன்னோம், அள்ளினார். பிறகு ஒருநாள் கொள்ளு. மாசியில் புளி. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏம்மா, இது என்ன களத்துமேடா? ரயில்வே ஸ்டேஷன்ம்மா! எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து, தண்டவாளம் இருந்த தடத்தை நிதானமாகப் பார்த்தார். அங்கே அவர் போட்டிருந்த ஆமணக்கு ஆளுயரம் நின்றது.

"ரயிலு வர்றப்ப இதே மாதிரி சத்தம் போடுங்க சார், அள்ளிக்கறனுங்க" என்றார்.