போத்தலில் இல்லாத வெற்றிலை

ஷா ஆலமில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு அக்கா ஒருநாள் இரண்டு பை வெற்றிலையோடு வந்தாள். கிள்ளான் பாசாரில் வாங்கியவை. ஒன்று வெளிர்பச்சை, மற்றது கறுத்துத் தடித்த கம்மாறு என்ற காரமான வகை. வாய் கொப்பளிக்கும் மருந்து செய்து விற்கப்போகிறாளாம், எது நல்லதென்று நான் சொல்லவேண்டுமாம்.

மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்தபின் செய்து பார்த்தேன். இலைகளிலிருந்து எண்ணெய் வடித்து, அதில் தோய்த்த காகித வில்லைகளைக் கிருமி வளரும் தட்டுகளில் வைத்தேன். வெளிர்பச்சையைச் சுற்றி மெல்லிய வளையம்தான் தெளிந்திருந்தது. கம்மாற்றைச் சுற்றி அகலமான இடத்தில் ஒரு கிருமியும் முளைக்கவில்லை. காரம் தரும் யூஜெனால், சாவிபெட்டால் என்ற வேதிப்பொருள்கள் அதன் எண்ணெயில்தான் கூடுதல். போனில் சொன்னதும் அக்கா சந்தோஷத்தில் கத்திவிட்டாள்.

"தட்டுல நடக்குறது வாயிலயும் நடக்கும்னு சொல்ல முடியாதுக்கா" என்றேன். அது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் உள்ள அவள் கடைக்கு மருந்துப் போத்தல்கள் வந்தபோது, ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கோட்டோடு என் படம். என்னைக் கேட்கவே இல்லை. அக்காதானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு அம்மாவின் கன்னம் வீங்கியது. சர்க்கரை நோய் உள்ளவர், ஈறில் சீழ். ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று பல் டாக்டர் கடிந்துகொண்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

"உன் படம் போட்ட மருந்தாச்சே, கொப்பளிச்சா சரியாயிடும்னு இருந்தேன்."

அந்தப் போத்தலையே சோதித்தேன். கிருமிகள் வில்லையின் விளிம்புவரை வளர்ந்திருந்தன. உள்ளே இருந்தது புதினா வாசனையும் பச்சைச் சாயமும்தான்.

நேரே கடைக்குப் போனேன். "இதுல வெத்தலையே இல்லியேக்கா!"

"மெதுவா பேசு லா. எண்ணெய் ஊத்துனா வாய் எரியுதுங்கிறாங்க. ஃபேக்டரியில வாசனை மட்டும் போட்டுக் குடுத்தாங்க."

"அம்மாவுக்கும் இதையேதானே குடுத்தே?"

அவள் முகம் ஒருகணம் வாடியது. உடனே இறுகியது. "டெஸ்ட் பண்ணது நீ. யாராச்சும் கேட்டா நீயே பதில் சொல்லிக்க."

பக்கத்தில் ஒரு பெண்மணி போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "படத்துல இருக்கிறது நான்தான் ஆன்டி. வாங்காதீங்க" என்றேன். அவர் என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போத்தலை வைத்துவிட்டார்.

சுகாதார அதிகாரிகளிடம் புகார் கொடுத்தேன். அவர்கள் போத்தல்களைக் கடையிலிருந்து எடுத்துச் சென்றார்கள். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு பற்களை இழந்த அம்மா, கஞ்சி குடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவளைக் காட்டிக் குடுத்துட்டியேம்மா."

எழுந்துபோய் அடுப்படியில் நின்று அழுதேன்.