சாமைக்காட்டில் தொங்கிய ராஜா

பின்னாளில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் சுற்றப் போனவன் நான். ஆனால் எங்கள் வீட்டில் முதலில் பாதியில் திரும்பியவன் அண்ணன். காலேஜை விட்டு மலையேறி வந்தவன் யாரோடும் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பழைய கம்ப்யூட்டர் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பான். அம்மா வைத்த சோறு அப்படியே திரும்பி வரும். அப்பா சாமைக்காட்டில் வேலையாக நின்றாலும் கண் வீட்டுப் பக்கமே இருக்கும். எதற்கென்று எனக்குத் தெரியாது; அப்போது நான் சின்னப் பையன்.

ஒரு நாள் காலையில் அண்ணனே வாயைத் திறந்தான்.

“என்ற பொட்டியில இருந்த சிடியெல்லாம் எங்கீங்கப்பா?”

அவன் தேடியது ஒரு பழைய விளையாட்டு. ராஜாவாகிக் கோட்டை கட்டி, தானியம் சேர்த்து, படை நடத்த வேண்டும். கடைகளில் அது வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. இணையத்தில் இறக்கலாமென்றால் எங்கள் மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். சிடியின் மேல் குதிரையேறிய ராஜா படம் இருக்கும் என்றான்.

அந்தச் சிடிகளை அப்பாதான் நூலில் கோத்துச் சாமைக்காட்டில் தொங்கவிட்டிருந்தார். வெயிலில் மின்னினால் குருவி அண்டாது. கேட்ட பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் கொடுத்திருந்தார்.

அப்பா என்னை இழுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினார். வெயிலும் மழையும் படங்களை வெளுக்கடித்திருந்தன. எது ராஜா என்று தெரியாததால் தொங்கியதையெல்லாம் அவிழ்த்தோம். பிறகு காடு காடாகப் போய்க் கேட்டோம்.

“இதை அவுத்துட்டா குருவிக்கு நாமளே பந்தி வெக்கற மாதிரீங்க,” என்றார் மேட்டுக்காட்டுக்காரர். “காலேஜு போன பையனுக்கு இன்னும் வெளயாட்டுச் சாமான் கேக்குதாக்கும்?”

யாரிடமும் தணிந்து பேசாத அப்பா, “நானே வந்து குருவி ஓட்டறனுங்க. குடுங்க சாமி,” என்றார்.

அண்ணன் ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டான். கம்ப்யூட்டர் கரகரவென்று சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. கதவோரம் நின்ற அப்பா குவியல் குறையக் குறைய மிச்சத்தை எண்ணிக்கொண்டே இருந்தார். மிஞ்சிய இரண்டு மூன்றில் ஒன்றைப் போட்டபோது முரசு கொட்டியது. கோட்டை தெரிந்தது, படை கிளம்பியது, பாதி வழியில் அப்படியே உறைந்து நின்றது.

அண்ணன் சிரித்துவிட்டான்.

“ராஜா மேல பூராக் கீறலுங்கப்பா. சேலத்துல பழைய சிடி விக்கறவங்ககிட்ட இருக்குமான்னு பாக்கோணும். நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போயிட்டு வாரேன்.”

“போயிட்டு வா கண்ணு,” என்றவர் வாசலுக்கு வந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எதிரே விளைந்த சாமையில் குருவிக்கூட்டம் இறங்கியிருந்தது. அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்து, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே காட்டுக்கு ஓடினேன்.