பெட்டிக்குள் சாகவேண்டிய கம்பி

சன்னாசி அண்ணன் இறந்த செய்தியைத் தபால்காரர் கொண்டுவந்தபோது நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "லைட்டுக்கார சன்னாசி போயிட்டாருங்க. காய்ச்சலாம்," என்றார். "காய்ச்சலா? கரண்டு இல்லையா?" என்று என் வாய் கேட்டுவிட்டது. அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அதையேதான் கேட்டிருப்பீர்கள்.

அவரைச் சாந்தமானவர், பொறுமைசாலி என்று யாராவது பேசினால் நான் எழுந்து போய்விடுவேன். எங்கள் ரப்பர் தோட்டத்து டைனமோவைக் கட்டி மேய்த்த அந்த மனிதருக்கு வாய்க்கு முன்னால் கை நீளும். கிளாக்கரையா வீட்டு பியூஸில் கம்பிக்குப் பதிலாக ஆணி இருந்ததைக் கண்டுபிடித்து, அதே ஆணியைக் கிளாக்கரின் மேசையில், அவருடைய விரல்களுக்கு நடுவிலேயே சுத்தியலால் அடித்து இறக்கினார். அதற்கப்புறம் கிளாக்கரையா இவரைக் கண்டால் வேலியோரமாகத்தான் போவார்.

என் அப்பா பெரிய கங்காணி. துரை மனம் வைத்து எங்கள் வீட்டுக்கும் விளக்கு கொடுத்தார். சன்னாசி அண்ணன்தான் பியூஸ் பெட்டி மாட்டினார். விளக்குகளுக்கு மெல்லிய பியூஸ் கம்பி; இஸ்திரிப்பெட்டிக்குத் தனியாகத் தடித்த வயர் இழுத்து, அதற்குத் தடித்த பியூஸ் கம்பி. "செவத்துல ஓடுற வயருக்கு ஏத்த கம்பிதான் பெட்டியில இருக்கணும் கங்காணியய்யா. பாரம் கூடுனா பெட்டியில இருக்கறது மொதல்ல சாகணும். அது சாகலைன்னா வேற எதாச்சும் சாகும்," என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

ஆட்டினாரே தவிர, கேட்டாரா? நடு அறை விளக்கு வயரிலேயே இஸ்திரிப்பெட்டியையும் தண்ணி காய்ச்சும் கேத்தலையும் மாட்டுவார். பியூஸ் போகும். தடித்த கம்பி போடச் சொன்னால் அண்ணன் முடியாது என்பார். என் மகளுக்குப் பேர் வைக்கிற நாள் வந்தது. கேகாலையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது பெரிய கங்காணி வீட்டு விளக்கு அணையலாமா? அப்பா தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கிழித்து, விரல் மொத்தத்துக்கு முறுக்கி, பெட்டியில் செருகிவிட்டார். பியூஸ் கம்பியும் ஈயம், இதுவும் ஈயம் என்பது அவர் நியாயம்.

பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தன. கோட்டுகளுக்கு இஸ்திரி, வந்தவர்களுக்குக் கேத்தலில் தேத்தண்ணி. சன்னாசி அண்ணன் கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்தவர், வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். "என்னா ரப்பர் கருகுது?" சபையே சிரித்தது. "ரப்பர் தோட்டத்துல மல்லிகைப்பூவா மணக்கும்?" என்றான் என் தம்பி. ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடத்து வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். வயரைச் சுற்றியிருப்பதும் ரப்பர்தான் என்பது அவர் ஒருவருக்குத்தான் அந்த நேரம் நினைவில் இருந்தது.

"அது பொகக்கூட வாடை இல்லடா!" என்று பெட்டியை நோக்கிப் பாய்ந்தார். அப்பா குறுக்கே விழுந்தார். "டேய் சன்னாசி, சம்பந்தி முன்னால என் வீட்டை இருட்டாக்கப் பாக்குறியா?" அவர் கையிலிருந்த வெள்ளிப்பூண் தடி அண்ணனின் நெற்றியில் இறங்கியது. மண்டை பிளந்து ரத்தம் முகமெல்லாம் ஓடிற்று. தம்பிகள் இருவரும் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். அவர் ஒருவனின் கையைக் கடித்து, மற்றவனை வயிற்றில் உதைத்து, எழுந்து போய்ப் பெட்டியின் சுவிட்சை இழுத்து அணைத்தார். அத்தோடு நிற்கவில்லை. வாடையைப் பிடித்துக்கொண்டு நான் இருந்த அறைக்குள் புகுந்தார்.

பிள்ளை சேலைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூளி கட்டிய உத்திரத்தின் மேலேதான் வயர் உள்ளே ஓடும் மரச்சட்டம். "புள்ளையத் தூக்கு!" என்றார். ரத்தமுகத்தைப் பார்த்து நான் சிலையாக நின்றேன். ஓங்கி ஒரு அறை விட்டார் பாருங்கள், காது அடைத்துப்போயிற்று. பிள்ளையை வாரிக்கொண்டு சுவரோரம் விழுந்தேன். உலக்கையை எடுத்துச் சட்டத்தை அடித்தார். அது பிளந்தது. உள்ளே கனன்றுகொண்டிருந்த நெருப்புக்குக் காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்து, உருகிய ரப்பர் தீயோடு சொட்டியது. வெறுந்தூளி என் கண்முன்னால் எரிந்தது.

தம்பிகள் ஈரச்சாக்கோடு ஓடிவந்து அணைத்தார்கள். அண்ணன் பெட்டியிலிருந்த ஈயத்தைப் பிடுங்கி அப்பாவின் மார்பில் எறிந்தார். "சாகவேண்டியது இதுய்யா! ஒங்க பேத்தி இல்ல!" அம்மாதான் தன் கூறைச்சேலையைக் கிழித்து அவர் தலையில் கட்டினாள். கட்டோடு உட்கார்ந்தே, பெட்டியில் மெல்லிய கம்பியைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.

"அடிச்சது வலிச்சுதா தங்கச்சி?" என்று பிற்பாடு ஒருநாள் கேட்டார். "வலிக்காம பின்ன?" என்றேன். "அப்ப சரி," என்று போய்விட்டார்.

நேற்றுச் சாயங்காலம் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். நான் அழுவதைப் பார்த்து, "யாரும்மா செத்தது?" என்றாள். அவரிடமிருந்து எனக்கென்று வந்தது அந்த ஒரு அறைதான். கன்னத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னேன்: "ஒன்னத் தூக்கச் சொல்லி என்னை அடிச்ச மனுசன்டி."