நடு ஆற்றில் நட்ட பிக்காசு

தாம்சின் பாஸ்கோவுக்குத் தங்கமும் பிடிக்காது, ஆறும் பிடிக்காது. புருஷன் ஜோரிக்கு இரண்டும் பைத்தியம். அதனால்தான் கார்ன்வாலிலிருந்து கப்பலேறி, தங்கம் தோண்டும் ஷாட்டோவர் பள்ளத்தாக்குக்கு வந்து, என் கடைக்குப் பக்கத்தில் மேட்டில் அடுப்புப் போட்டு எங்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டாள். ரொட்டியோடு வசவும் கிடைக்கும். தாயில்லாத தம்பி டென்சிலைத் தன் கையால் வளர்த்தவள். அவனையும் கூடவே கூட்டி வந்திருந்தாள்.

எங்கள் ஆறு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே நெருக்கியடித்து ஓடும். நல்ல தங்கம் எல்லாம் தண்ணீருக்கு அடியில். மலையில் பனி உருகாமல் இறுகி ஆறு வற்றும் நாள்தான் எங்களுக்குத் திருநாள்.

அந்தக் குளிர்காலத்தில் விடாமல் மழை பெய்தது. ஏற வேண்டிய ஆறு ஒரு காலையில் மளமளவென்று இறங்கியது. மதியத்துக்குள் நடு ஆற்றுப் பாறை தெரிந்தது, அதன் வெடிப்புகளில் தங்கம் மணி மணியாக. அத்தனை பேரும் இறங்கிவிட்டோம். பிக்காசை நட்டவனுக்கு இடம் சொந்தம்; பிக்காசு இல்லாத இடத்தில் எவனும் புகலாம். அதுதான் எங்கள் சட்டம். ஜோரி நட்ட நடுவில் நட்டான்.

தாம்சின் மாவுக் கையோடு வந்து நின்றாள்.

“யோவ், மழை இப்படி ஊத்துது, தண்ணி எங்கய்யா போச்சு? மேல மலை சரிஞ்சு அடைச்சிருக்கு. ஏறி வா.”

“ரொட்டி சுடுறவ மலையப் பத்திச் சொல்ல வந்துட்டா. போடி, அடுப்புல ரொட்டி கருகப் போவுது.”

“டென்சில், நீயாவது வாடா.”

“மாமா வந்தா நானும் வரேன்க்கா.”

அவ்வளவுதான். பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கினாள், ஜோரியின் பிக்காசைப் பிடுங்கினாள், மேட்டைப் பார்த்து ஓடினாள். அடுத்தவன் பிக்காசைத் தொட்டால் கொலை விழுகிற ஊர் அது. ஜோரி கத்திக்கொண்டே துரத்தினான். வேடிக்கை பார்க்க நானும் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினேன். என் கடை வாசலில் அவள் கூந்தலை அவன் எட்டிப் பிடித்தபோது, மேலே மலையே உடைந்தது போல் சத்தம் கேட்டது.

திரும்பினோம். மரமும் பாறையும் சேறுமாக ஆறு வந்துகொண்டிருந்தது. கீழே நின்றவர்கள் இல்லை.

“நீ மட்டும் இல்லன்னா…” என்றான் ஜோரி.

“டென்சில் எங்க?” என்றாள் தாம்சின்.

கழுத்துவரை நனைந்து லார்க்கின் என்பவன் தவழ்ந்து ஏறி வந்தான். அவன்தான் சொன்னான். “உங்க இடம் காலியாச்சா, ஆளுங்க பாஞ்சாங்க. டென்சில் அவனோட இடத்துல இருந்த பிக்காசைப் பிடுங்கிக் கொண்டுபோய் அங்க நட்டுட்டு உக்காந்துட்டான். மாமா வர்ற வரைக்கும் எவனும் கிட்ட வரக்கூடாதுன்னான்.”

அவள் அழவில்லை. “நான் பிடுங்காம இருந்தா அவன் எங்க இருந்திருப்பான்?” என்று கேட்டாள்.

அந்த மடையனுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

“அவன் இடம் கரையோரந்தான், எனக்கு அடுத்து,” என்றான் லார்க்கின். “நான் ஏறிட்டேன்ல.”