லவானின் எடை

எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் லவான் ஹட்செல் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம். வியாழக்கிழமை என்றால் பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பு, கூடவே இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டிச் சுருள். இந்த ஜோடியைச் சொன்னால் வெளி மாநிலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். லவான் செய்ததைத் தின்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு இன்னொன்று கேட்பார்கள்.

அவள் புருஷன் டெல்மர், தானியக் கிடங்கின் எடை மேடையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தான். கோதுமை லாரி வரும், மேடையில் ஏறும், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் டெல்மர் எண்ணைப் பார்ப்பான், சீட்டைக் கிழித்துக் கொடுத்து "சரி, போலாம்" என்பான். அந்த இரண்டு வார்த்தை இல்லாமல் ஒரு லாரியும் நகராது. அவன் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு நான் வந்தேன். அதனால்தான் கடைசியில் நடந்ததை நான் கண்ணால் பார்க்க நேர்ந்தது.

டெல்மரைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டமாட்டான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவான். தான் செய்தது தப்பு என்று சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வராது. அப்படிப்பட்டவனோடு வாழ்வதற்கு, குடிகாரனோடு வாழ்ந்துவிடலாம். குடிகாரனுக்காவது காலையில் தெளியும்.

அவர்களிடம் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வீடு மாதிரி பத்தொன்பது அடி டிரெய்லர் ஒன்று இருந்தது. ஜூலையில் இரண்டு வாரம் அதை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார்கள். லவானுக்கு அது பிடிக்கும். கடைசி வருஷம் நாலு நாள் அடைமழை. உள்ளேயே உட்கார்ந்திருந்து சலித்து, "இது கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லாருக்கும், முட்டி மேஜையில இடிக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த பாவம். ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள்.

டெல்மர் ஓய்வு பெற்ற மாதமே வீட்டுக்கு விலைப்பலகை நட்டுவிட்டான். இனி வீடே வேண்டாமாம், வருஷம் முழுக்க டிரெய்லரில்தானாம், நாடு முழுக்கச் சுற்றலாமாம். "நீதானே பெரிசு வேணும்னே?" என்று கேட்டான். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமாக அவன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. இதற்கும் போட்டாள்.

விச்சிட்டா பக்கம் டிரெய்லர் விற்கிற இடத்துக்குப் போனார்கள். லவான் சிநேகிதி என்று என்னையும் கூப்பிட்டாள். தனியாகப் போக அவளுக்குப் பயமாக இருந்தது என்று இப்போது புரிகிறது. இருபத்தைந்து அடியில் ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேராக ஜன்னல். லவான் அங்கேயே நின்றுவிட்டாள். "டெல்மர், இங்க நின்னா வெளிய மரம் தெரியும்" என்றாள். டெல்மர் அதற்குள் முப்பத்தைந்து அடிக்காரனுக்குள் ஏறிவிட்டிருந்தான். பொத்தானை அமுக்கினால் சுவர் வெளியே நகர்ந்து கூடம் அகலமாகும். பொய்யான கணப்பில் பொய்யான நெருப்பு எரியும். தொட்டிக்கு மேலே ஜன்னல் இல்லை, அலமாரி இருந்தது.

யானையை வாங்கியாகிவிட்டது, அடுத்தது அங்குசம். டிரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டி விற்கிற இடத்தில் இரண்டு நின்றன. ஒன்று வெள்ளை. துணி இருக்கை, தடித்த அச்சு, பார்க்க ஒன்றுமில்லை. மற்றது செர்ரிச் சிவப்பு, தோல் இருக்கை, கூரையில் கண்ணாடி. விற்பனைக்காரன் நல்லவன், பாவம். "சார், உங்க டிரெய்லருக்கு வெள்ளைதான் தாங்கும். சேப்பு நல்லா இழுக்கும், ஆனா சுமக்காது" என்றான்.

லவான் உடனே, "அப்ப வெள்ளையே எடுத்துக்கலாமே?" என்றாள்.

"அது குழாய் ரிப்பேர்காரன் வண்டி. நான் என்ன குழாய் ரிப்பேர்காரனா?"

"இல்ல டெல்மர், அவர் சுமக்காதுன்னு சொல்றாரு..."

"முப்பத்தொரு வருஷம் எடை பாத்தவன் நான். எனக்கு எடை சொல்லித் தர்றியா?"

விற்பனைக்காரன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வெளியூர் போன இரண்டாவது மாதமே ஒரு இறக்கத்தில் டிரெய்லர் வாலை ஆட்டி, பிக்கப்பையும் சேர்த்து ஆட்டிவிட்டது. அன்று டிரெய்லர்கள் தங்குகிற முகாமில் பக்கத்து வண்டிக்காரன் டெல்மரை அழைத்துப் போய் பிக்கப்பின் கதவைத் திறந்து, கதவோரம் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைக் காட்டினான். ஆளும் சாமானும் சேர்த்து இவ்வளவுதான் சுமக்கலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் முதுகில் அழுத்துகிற பாரமும் அந்தக் கணக்கில்தான் வரும். ஊரார் வண்டியை எல்லாம் நிறுத்துப் பார்த்தவன், தன் வண்டிக் கதவில் ஒட்டியிருந்ததைப் படிக்கவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

வண்டியை மாற்றியிருக்கலாம். நஷ்டம் வரும், வந்தால் என்ன? ஆனால் மாற்றினால் தப்பு என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே. குளியலறையில் வைக்கிற எடைக் கருவி ஒன்றை வாங்கிவந்தான். டிரெய்லரில் இருந்ததை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்தான்.

முதலில் லவானின் தையல் மெஷின் போனது, முப்பத்திரண்டு பவுண்டு. அடுத்து அவள் அம்மாவின் மூன்று இரும்பு வாணலி. ஜாம் பாட்டில்கள், படம் ஒட்டிய ஆல்பங்கள், குளிர்கால பூட்ஸ். ஒவ்வொரு முகாமிலும் யாருக்காவது கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். டெல்மரின் கறி சுடுகிற அடுப்பு, தூண்டில் பெட்டி, டிவி டிஷ், டூல்ஸ் பெட்டி எதுவும் எடைக் கருவிப் பக்கமே வரவில்லை. அதெல்லாம் தேவையாம்.

ஞாயிறுதோறும் எனக்குப் போன் பண்ணுவாள். டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவாள்.

"நெட்டி, இன்னைக்கு எந்த ஊர்னே தெரியல. எந்த ஊரா இருந்தா என்ன, அதே ஆறடிதான். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவுல."

"ஓட்டத் தெரியும்ல உனக்கு? சாவியை எடுத்துக்கிட்டு வந்துடு."

"முப்பத்தஞ்சு அடியை இழுத்துக்கிட்டா? அப்படியே வந்தாலும் எங்க வர்றது? நம்ம லைப்ரரில என் கார்டை ரத்து பண்ணிட்டாங்களாம். ஊருக்குள்ள விலாசம் இல்லாதவங்களுக்குக் கிடையாதாம். எனக்கு இப்ப விலாசமே இல்ல நெட்டி."

அழவில்லை. தபால் வருகிற இடம் தெற்கு டக்கோட்டாவில் டெல்மர் வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு தபால் பெட்டி என்றும், அந்த ஊரை அவள் பார்த்ததே இல்லை என்றும் சொல்லிவிட்டு, டெல்மர் கூப்பிடுகிறான் என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஜூனில் ஊருக்கு வந்தார்கள். கோதுமை அறுவடை சமயம். செர்ரிச் சிவப்பை நாலு பேர் பார்க்க வேண்டாமா? பத்து நாள் கழித்துக் கொலராடோ மலைக்குப் புறப்படுகிற காலையில், எடை பார்க்க என் மேடைக்கே வந்தான். பின்னால் ஐந்து லாரி வரிசையில் நிற்கிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் பழைய ஆள், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பிக்கப்பின் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க, டிரெய்லர் பின்னால் தரையில். டிரெய்லர் மூக்கின் பாரமும் சேர்த்து பிக்கப் மொத்தமாக 7,050 பவுண்டு தாண்டக்கூடாது. எடை காட்டுகிற பெட்டியில் சிவப்பு எழுத்தில் 7,200 என்று வந்தது. டெல்மர் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக எண்ணை எட்டிப் பார்த்தான், வண்டியை ஓரடி நகர்த்தி நிறுத்தி, திரும்பவும் கழுத்தை நீட்டினான். அதே 7,200.

"நெட்டி, உன் மேடை சரியில்ல" என்றான்.

"உன் மேடைதான் டெல்மர். நீ விட்டுட்டுப் போனதுதான்."

வரிசையில் முதல் லாரிக்காரன் வெண்டல். அவனுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? "ஏம்ப்பா டெல்மர், உள்ள வரும்போது நாய் இருந்துச்சு, வெளிய போகும்போது இல்ல, எடை தப்பாகுதுன்னு என்னை மூணு தடவை திருப்பி நிறுத்தினியே, ஞாபகம் இருக்கா? உன் வண்டியில எத்தனை நாய் வச்சிருக்க?" வரிசை முழுக்கச் சிரிப்பு.

"மலையில பிரேக் பிடிக்கணும்யா. நூத்தம்பது பவுண்டு எங்கயோ அதிகமா இருக்கு."

"பின்னாடி அந்த அடுப்பை இறக்கேன்" என்றான் வெண்டல்.

"மலையில அடுப்பு இல்லாம எப்படி?" என்றான் டெல்மர். முகமெல்லாம் சிவந்து, வண்டிக்குச் சரிசமமாக ஆகிவிட்டது. திரும்பிப் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டான். "லவான், இன்னும் உன்கிட்ட என்ன இருக்கு?"

லவான் மடியில் கைப்பை இருந்தது. அதைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே தூண்டில் பெட்டி இருந்தது. உண்மையாகவே தேடினாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணுமில்ல டெல்மர். நான்தான் பாக்கி."

கதவைத் திறந்து, படியில் கால் வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கைப்பையோடு மேடையைத் தாண்டி என் ஜன்னலோரம் வந்து நின்றாள். எண் ஆடியது, நின்றது. 7,040.

டெல்மர் கழுத்தை நீட்டிப் பெட்டியைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"சரி, போலாம்" என்றான்.

பழக்க தோஷம்தான். எண் சரியாக இருந்தால் முப்பத்தொரு வருஷம் அந்த வாய் சொன்ன வார்த்தை அது. எனக்குத் தெரியும், லவானுக்கும் தெரியும். ஆனால் சொன்னது சொன்னதுதான். வரிசையில் ஒருவனும் சிரிக்கவில்லை. வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

டெல்மருக்கும் உறைத்திருக்க வேண்டும். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். டெல்மர் வண்டியை மேடையை விட்டு இறக்கி, வாசலருகே கொண்டுபோய் நிறுத்தினான். லவான் உள்ளே வந்தாள். நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். வாசலிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது, இரண்டு தடவை.

"உன்னைத்தான் கூப்பிடுறான்" என்றேன்.

"தெரியும். இறங்கி வந்து கூப்பிட்டா போறேன்."

அவள் அப்படித்தான் சொன்னாள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு இதைவிடக் குறைச்சலாக ஒருத்தி என்ன கேட்டுவிட முடியும்? வெண்டல் லாரியை நிறுத்துச் சீட்டுக் கொடுத்தேன். அடுத்த லாரியும் ஏறி இறங்கியது. வாசலில் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இன்னொரு ஹாரன். பிறகு விளக்கு அணைந்து, முப்பத்தைந்து அடியும் மெதுவாக மேற்குச் சாலையில் திரும்பியது.

லவான் அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள். கைப்பையை என் மேஜையில் வைத்தாள்.

"நெட்டி, லைப்ரரி எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

"அஞ்சு மணி வரைக்கும்."

"கார்டுக்கு உன் வீட்டு விலாசத்தைக் குடுத்துக்கவா?"