விசாரியுங்கள் என்று கேட்ட பிலோமினா அக்கா

விட்பியிலிருந்து காலை ரயிலில் ரொறன்ரோவுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தபோது பிலோமினா அக்காவின் மகள் மெலனி அழைத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா. ஹார்ட் அட்டாக்" என்றாள். பிறகு அழுகையினூடே, "அம்புலன்ஸ்காரரோடையும் வாதாடிக்கொண்டுதான் போனவ" என்றாள். எனக்கு அழுகைக்கு முன்னே சிரிப்பு வந்துவிட்டது. பிலோமினா அக்காவை அறிந்தவர்களுக்கு அது விளங்கும்.

அவரும் நானும் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர்கள். ஒருமுறை மன்னார் மனிதர் ஒருவர் தன் மகனைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கறிஞர் அக்காவின் பக்கம் திரும்பி, "மகன் இறந்துவிட்டதாகத்தானே இவர் நினைக்கிறார்?" என்று கேட்டார். அக்கா சொன்னார்: "காணவில்லை என்றார். காணவில்லை என்றேன். என்ன நினைக்கிறார் என்பதை அவரிடமே கேளுங்கள்."

இலங்கைச் சனாதிபதி நீதிமன்றத் தீர்ப்பொன்றை மீறினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, அக்கா ஒரு மனு எழுதினார். சனாதிபதியைப் பதவி நீக்குவதற்கான விசாரணையைத் தொடங்கும்படி இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கும் மனு. அதற்கான பிரேரணையில் உறுப்பினர்கள் போதிய அளவில் கையெழுத்திட்டால்தான் அந்த விசாரணை தொடங்கும். "கனடாவிலை இருந்துகொண்டு உங்களுக்கேன் உந்த வேலை?" என்று ரொறன்ரோவின் அஜின்கோர்ட் தமிழ்க் கடைகளில் கேட்டார்கள். அக்கா இரட்டைக் குடியுரிமை வைத்திருந்தவர். "நான் அந்த நாட்டுப் பிரசை. அதை ஆரும் எனக்குப் பிச்சையாப் போடேல்லை" என்பார். என்னிடம் இன்னொன்றும் சொன்னார்: "இவ்வளவு காலமும் மற்ற ஆக்களின்ரை சொல்லைத்தான் சொன்னனான். இது என்ரை சொல்."

அவரை ஒருவரால்தான் வாயடைக்க முடிந்தது. மன்னாரில் இருக்கும் தம்பி அந்தோனி. "அக்கா, நீ உங்கை கையெழுத்து வைப்பாய். புலனாய்வுக்காரங்கள் இஞ்சை வந்து என்ரை கதவைத்தான் தட்டுவாங்கள்" என்றார் தொலைபேசியில். அக்கா மனுவை மடித்து வைத்துவிட்டார். "அவன் சொல்லுறது சரிதானே. பயம் அவனுக்கு, துணிவு மட்டும் எனக்கோ?" என்றார். அவர் அப்படிச் சோர்ந்து நான் பார்த்ததில்லை.

சில நாட்களில் தம்பியே திரும்ப அழைத்தார். "யோசிச்சுப் பாத்தன், அக்கா. ஒண்டிலையும் கையெழுத்து வைக்காத காலத்திலையும் கதவைத் தட்டினவங்கள்தானே. உன்ரை பேருக்குக் கீழை என்ரை பேரையும் போடு."

அந்த மாரிகாலத்தில் இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ரொறன்ரோ வந்தார். ஸ்காபரோ மண்டபத்தில் அவருக்கு விருந்து. கேள்வி நேரம் முடிந்தது என்று அறிவித்தபோது அக்கா எழுந்தார். ஒலிவாங்கி கொடுக்கவில்லை. அது இல்லாமலே பேசினார். "சனாதிபதியை விசாரிக்கிறதுக்கு நீங்கள் கையெழுத்து வைப்பியளோ?"

"அது சிக்கலான விசயம், அக்கா. குற்றம் இன்னும் நிரூபிக்கப்படேல்லை."

"அதுக்குத்தானே விசாரணை! குற்றவாளி எண்டு நான் சொல்லேல்லை. விசாரியுங்கோ எண்டு கேக்கிறன்."

உறுப்பினர் சிரித்து, "நீங்கள் இஞ்சை இருக்கிறியள். எனக்கு வோட்டுப் போடுற சனம் அங்கை இருக்கு" என்றார்.

"என்ரை தம்பிக்கு மன்னாரிலை வோட்டு இருக்கு. கதவு தட்டுப்படும் எண்டு தெரிஞ்சும் அவன் இதிலை பேர் போட்டிருக்கிறான். உங்களுக்கு என்ன பயம்?"

உறுப்பினர் மேடையிலிருந்து இறங்கி வந்து மனுவை வாங்கிக்கொண்டார்.

பிறகு அவர் கொழும்பில் அந்தப் பிரேரணையில் கையெழுத்திட்டார். ஆனால் போதிய கையெழுத்துகள் சேரவில்லை, விசாரணை தொடங்கவேயில்லை. "தோத்திட்டம், அக்கா" என்றேன். "என்ன தோல்வி? ஒருத்தரிட்டை நேரை கேட்டம், வைச்சார். மிச்ச ஆக்களையும் கேப்பம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு உறுப்பினரின் அலுவலகத்துக்கும் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்தார்.

இறுதிப் பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றோம். மனுவில் கையெழுத்திட்ட ஒருவர் என் காதருகே குனிந்து, "இனி அந்த மனுவை விடுவம், என்ன?" என்று கேட்டார். அந்த நாட்டு அரசியலைப் பேசும்போது நம்மவர்கள் இங்கேயும் குரலைத் தாழ்த்துவார்கள். கோப்பிக் கடையிலும் பின்னால் யார் என்று பார்ப்பார்கள். அக்கா ஒருநாளும் தாழ்த்தியதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

"விடமாட்டம்" என்றேன், வீதிக்கும் கேட்கும்படி. "அடுத்த உறுப்பினருக்கு நான் போன் எடுக்கிறன்."