பழைய வழி

காரைக்கால் எல்லையில் பேருந்தை விட்டு இறங்கி நிற்கிறேன். கையில் ஓர் அரசாங்கக் கையேடு. பண்டைய வணிகர்கள் நடந்த கரையோரப் பாதை இங்கே இருக்கிறதாம். அதை வைத்துப் பண்பாட்டுச் சுற்றுலாவை வளர்க்கலாமாம். எழுதிய அதிகாரி மின்விசிறிக்கு அடியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. பாதைக்கு ஒரு சின்ன வரைபடம், அமைச்சருக்கு முழுப்பக்கம்.

எதிரே சாராயக் கடை. தமிழ்நாட்டில் சாராயத்துக்குத் தடை, இங்கே இல்லை என்பதால் காலை பத்து மணிக்கே அங்கிருந்து வந்தவர்கள் கூட்டம். கடை வாசலில் மீன் வறுத்து விற்கும் பெண்ணிடம் கேட்கிறேன்.

“இங்க பழைய கரையோர வழி எதுங்க?”

அவர் குரலைத் தாழ்த்துகிறார். “சவுக்குத் தோப்புக்குப் பின்னால போங்க. செக்போஸ்ட்டுல மாட்ட மாட்டீங்க.”

“அதில்லைங்க. அந்தக் காலத்துல வியாபாரிங்க போன வழி.”

“இப்பவும் வியாபாரிங்கதான் போறாங்க” என்று மீனைத் திருப்பிப் போடுகிறார்.

கையேட்டைப் பிரித்து வரைபடத்தைக் காட்டுகிறேன். அதே சவுக்குத் தோப்பு, அதே வழி. அவர் முகம் மாறுகிறது.

“அச்சடிச்சே குடுத்துட்டாங்களா? போச்சு. நாளைக்கே அடைச்சிருவாங்க.”